மே மாதக் கடைசியில் மேல்காற்று

எங்கள் ஊரில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். காகிதத்தில் அப்படி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. முடியாத பிள்ளைகளின் அப்பாக்கள் தலைமை ஆசிரியர் முன்னால் நின்று மே மாதத்தில் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள். அதனால் திருவனந்தபுரத்தில் மே மாதக் கடைசி நாளன்று ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் கூட்டமாக ஆட்கள் ஓய்வு பெற்று இறங்குவார்கள். சாலைக் கடைத்தெருவில் பொன்னாடையும் சந்தன மாலையும் நன்றாக விற்கும்.

என் அக்காவும் அப்படி மே மாதத்தில் பிறந்தவள். உண்மையில் அவள் பிறந்தது ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் பாதியில். அப்பா சொன்ன தேதி மே இருபத்தைந்து. நான் தை மாதத்தில் பிறந்ததால் என் விஷயத்தில் அவருக்குப் பொய் தேவைப்படவில்லை.

அக்கா ராக்கெட் செய்யும் இடத்தில் பொறியாளர். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். வலியசாலையில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருவரும் இருக்கிறோம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணங்கள் வேறு வேறு. இங்கே அவை தேவையில்லை. கொல்லைப்புறத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள தண்ணீரை அளந்து நாட்குறிப்பில் எழுதுவேன். எழுதத் தொடங்கியபோது எனக்குப் பதினேழு வயது. மழை இல்லாத நாளில் 'மழை இல்லை' என்று எழுதுவேன். காலியாக விட்டால் மழை இல்லையா, அளக்க மறந்தேனா என்று பிறகு தெரியாது.

அந்த வருடம் மே கடைசி வாரத்தில் கிழக்குக் கரையிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்ப இருந்தது. அதன் இரண்டு அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு வளையம் அக்காவின் வேலை. கிளம்பி நாலு நிமிடம் தாண்டியதும் அது திறந்து கீழ் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். திறக்காவிட்டால் மேலே உள்ளது எல்லாம் வீண். பதினோரு வருடம் அதை இங்கே மேசையில், வெற்றிடக் கூண்டில், குளிரில், சூட்டில் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். பறக்கும் ராக்கெட்டில் அது திறக்கப்போவது இதுதான் முதல் தடவை. அந்த நொடியில் கட்டுப்பாட்டு அறையில், தன் திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம் என்று குறித்திருந்தார்கள். மாதக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாலை அவள் இங்கே அலுவலகத்தில் கையெழுத்திட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளும் என்னைப்போல வெளியாள். மூன்று நாள் அவகாசம் இருந்தது. போதும் என்று நினைத்தோம்.

அவள் இரண்டு வாரம் முன்பே அங்கே போய்விட்டாள். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் காலை ஆறு மணிக்கு, விடுதியிலிருந்து பேருந்து ஏறுவதற்கு முன் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது குரலில் ஒரு அவசரம் இருந்தது.

"கடல்ல என்னமோ சுத்திண்டு இருக்காம்டா. நீ பாத்தியோ?"

பார்த்திருந்தேன். வங்காள விரிகுடாவின் நடுவில் ஒரு தாழ்வழுத்தம். கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தை மணிக்கு ஒருமுறை பார்த்து, நகரும் திசையைக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"வடக்கே போறது. உங்க பக்கம் மழை பெருசா இருக்காது," என்றேன்.

"மழையை யாருடா கேட்டா? நீ குடைக்கடைக்காரன் மாதிரி பேசாதே. நனையறதுக்கெல்லாம் ராக்கெட் பயப்படாது. இடி மின்னல் கிட்ட வரப்படாது. அப்பறம் மேல்காத்து. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் ஒசரத்துல காத்து ஒரு அளவுக்கு மேல அடிச்சா, போற வழியில அதோட முதுகை ஒடிச்சுடும். பலூன் விட்டுப் பாத்துண்டே இருக்கா."

"பலூன் என்ன சொல்றது?"

"நாளைக்குச் சொல்றேன். பஸ் வந்துடுத்து."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சொன்னாள்: "வியாழக்கிழமைக்குத் தள்ளிட்டா." அவ்வளவுதான்.

அன்று எட்டரை மணிக்கு அளந்தபோது எங்கள் கொல்லையில் பதினொன்றரை மில்லிமீட்டர் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். ஏப்ரலிலிருந்து குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "சாரே, இக்குறி மழை நேரத்தே வந்தல்லோ," என்று சிரித்தார். இந்தத் தடவை மழை முந்தியே வந்துவிட்டதே என்கிறார். வந்துதான் விட்டது. விரிகுடாவில் சுழல் இருந்தால் அது தென்மேற்குக் காற்றை இந்தப் பக்கமிருந்து இழுக்கும். எங்களுக்குப் பருவமழை முந்தி வரும். இந்த ஊர் கும்பிட்டுக் கேட்ட மழையும் அங்கே அக்காவை நிறுத்தி வைத்திருந்த காற்றும் ஒரே சுழலின் இரண்டு பக்கங்கள். தினமும் என் மழைமானியில் ஏறும் அளவைப் பார்க்கும்போது எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. அவரிடம், "ஆமா, நல்லதாச்சு," என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை. ராக்கெட் கிளம்பாத நாளுக்காக எழுதிக்கொடுத்திருந்த விடுப்பை ரத்து செய்யத் தோன்றவில்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். மே கடைசியில் இப்படி முந்தி மழை வந்த வருடங்களில் எத்தனை நாள் தொடர்ந்து பெய்தது என்று பார்த்து, அதிலிருந்து சுழல் எப்போது ஓயும் என்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு எண்ணம். அளவைத் துறைக்காரனுக்கே வரக்கூடிய எண்ணம். கொல்லைப்புறத்தில் அளந்த தண்ணீரை வைத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் வானத்தின் மேல்தட்டை அளக்கப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பில், ஒரு பக்கத்தில், என் கையெழுத்தில் இது இருந்தது: 'அக்கா பிறந்த தேதியைத் திருத்துவது பற்றிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். மழை இல்லை.'

மூன்று வாக்கியம். படித்த உடனே எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் கேட்டால் பிறந்த தேதியைத் திருத்துவார்கள். நகராட்சியிலிருந்து பிறப்புப் பதிவின் நகல் வேண்டும். அவளுக்கு நேரம் இல்லை; நான் அப்போதுதான் அரசு வேலையில் சேர்ந்திருந்தேன்; காகித விஷயம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு பெயர். நீ போய் வாங்கித் தருவியா என்று கேட்டாள். நான் மேசைமேல் அவளுடைய சான்றிதழ்களை வரிசையாகப் பரப்பிக் காட்டினேன். பள்ளிச் சான்றிதழ், கல்லூரிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, கடவுச்சீட்டு. எல்லாவற்றிலும் மே இருபத்தைந்து. "எல்லாம் ஒண்ணாப் பொருந்தி இருக்கு. ஒண்ணைத் தொட்டா நாலையும் தொடணும். மூணு மாசம்தானே, அதுல என்ன வந்துடப்போறது?" என்றேன். இருபத்திரண்டு வயதில் எனக்குச் சரியான தேதியைவிட, ஒன்றோடொன்று பொருந்தும் தேதி பெரிதாக இருந்தது. வரைபடத்தில் எல்லைக்கோடுகள் சந்தித்துவிட்டால் போதும், கல் எங்கே நட்டிருக்கிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப்போல.

அந்த நாட்குறிப்பை மூடிவிட்டுத் தெருமுனையில் கணினி வைத்திருக்கும் கடைக்குப் போனேன். அப்பா பெயர், அம்மா பெயர், வருடம். இருபது நிமிடத்தில் பிறப்புச் சான்றிதழ் அச்சாகி வந்தது. ஆகஸ்ட் மாதத் தேதி, முத்திரையோடு.

புதன்கிழமை அதை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அக்காவின் அலுவலக வாசலுக்குப் போனேன். போனால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். அரசு வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. இருந்தாலும் போனேன். வரவேற்பு அறையில் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வெளியே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பாறசாலைப் பக்கம், தமிழ் பேசினார். சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி முழுவதும் படித்தார்.

"இது அசல்தான், சந்தேகமே இல்ல. ஆனா சார், அஞ்சு வருஷத்துக்குள்ள வந்திருக்கணுமே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சார் வந்திருக்கீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அம்மாவும் மே மாசம்தான் சார். காகிதத்துல. நெசமா எப்பப் பொறந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை எங்க ஹால்ல நாற்காலி பத்தாது, பாத்துக்கிடுங்க. அத்தனை பேர். மேடத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? ராக்கெட் எப்ப விட்டாலும் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கித் தாரேன். அது என் கையில உள்ளது."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது பேருந்தில் உறையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சன்னல் படுதாவை இறக்கியும் மழை உள்ளே அடித்தது. உறை நனையாமல் சட்டைக்குள் வைத்தேன். அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

வியாழக்கிழமை காலை தொலைக்காட்சி முன்னால் ஏழரை மணிக்கே உட்கார்ந்தேன். இங்கே வானம் இருண்டு கிடந்தது. அங்கே நல்ல வெயில். ராக்கெட் வெள்ளையாக நின்றது. பின்னால் ஒரு மேகம்கூட இல்லை. இன்று கிளம்பிவிடும் என்று நினைத்தேன். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. பதினான்கு நிமிடம் இருக்கையில் கடிகாரம் நின்றது. வர்ணனையாளர் ஏதேதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குள் கிளம்பாவிட்டால் அன்றைக்கு இல்லை. எட்டரைக்கு எழுந்து போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தேன்: முப்பத்தெட்டு. திரும்பி வந்தபோதும் கடிகாரம் பதினான்கிலேயே நின்றது. எட்டு நாற்பத்தாறுக்கு அறிவித்தார்கள். மேல்காற்றின் வேகம் அனுமதித்த அளவுக்கு மேல். அடுத்த முயற்சி அடுத்த வாரம்.

பத்தரை மணிக்கு அக்கா கூப்பிட்டாள். விமான நிலையத்துக்குப் போகும் காரில் இருந்தாள்.

"வெயில் அடிச்சுதே," என்றேன்.

"வெயில் கீழே. காத்து மேலே. பலூன் மூணு விட்டா, மூணும் ஒரே மாதிரி சொல்லித்து." பிறகு, "நாளைக்கு எனக்கு அந்தக் கத்திரிப்பூ புடவையை இஸ்திரி போட்டு வைக்கறயா? மாலை போடுவாளாம்."

வெள்ளிக்கிழமை மாலை அலுவலக வண்டி அவளைக் கொண்டுவந்து விட்டது. கையில் ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பழக்கூடை, நனைந்த மாலை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அட்டை இல்லை. அது இருந்த இடத்தைக் கை தேடிப்போவதை நான் இரண்டு தடவை பார்த்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "நீ எங்க வாசல்ல போய் நின்னியாமே?"

அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். நான் மறைக்கவில்லை. உறையைக் கொடுத்தேன். பிறகு நாட்குறிப்பையும் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். சொல்லாமல் இருப்பது தவறு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி அதையும் படித்தாள். அதில் வெறும் மழைக் கணக்கு.

"மழை இல்லைங்கறதை மட்டும் கரெக்டா எழுதியிருக்க," என்றாள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"நான் கேட்டதே எனக்கு நினைவில்ல, தெரியுமோ? அப்பா பண்ணின காரியம்னு நெனச்சுண்டு இருந்தேன் இத்தனை நாள். அப்பாவை என்ன பண்ண முடியும், செத்துப் போயிட்டார்." நாட்குறிப்பை மூடி என்னிடம் நீட்டினாள். "இதை நீ காட்டாம இருந்திருக்கலாம்."

இரவுச் சாப்பாட்டின்போது ரசத்தில் உப்பு போதவில்லை என்றாள். வேறு பேச்சில்லை. அடுத்த நான்கு நாளும் அப்படியே. கோபமென்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாள். காலை ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, தலை வாரி, போவதற்கு இடமில்லாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் தருவதாக அந்த அதிகாரி தொலைபேசியில் சொன்னபோது, "அங்க உக்காந்து கை தட்டவா? வேண்டாம், நன்றி," என்று வைத்துவிட்டாள்.

சுழல் ஒருவழியாக வடக்கே போய்க் கரையேறியது. மேல்காற்று தணிந்துவிட்டது என்று அவளோடு வேலை செய்த பெண் சொன்னாள். புதன்கிழமை, அதே எட்டு மணி பத்து நிமிடம். அந்தத் திரைக்கு முன்னால் இப்போது அந்தப் பெண் உட்காருவாள்.

அன்று காலை இங்கே பெய்தது எனக்குத் தெரிந்து ஜூன் முதல் வாரத்தில் பெய்த பெரிய மழைகளில் ஒன்று. ஏழரைக்கே தொலைக்காட்சியைப் போட்டேன். கைப்பேசியிலும் அதே ஒளிபரப்பைத் தயாராக வைத்தேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று அதற்கும் ஏற்பாடு இருந்தது. அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் விநாடி முள் பெரிது.

இந்த முறை எதுவும் நிற்கவில்லை. எட்டு பத்துக்குக் கிளம்பியது. நெருப்பு, புகை, பிறகு ஒரு சின்னப் புள்ளி. அக்கா திரையைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு," என்றாள், ஒரு நிமிடம் ஆனதும். "ரெண்டு." மாடியில் மழை கல்லைக் கொட்டுவதுபோல் விழுந்தது. மூன்றாவது நிமிடம் முடிவதற்குள் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. மழை வலுத்தால் மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனாவுக்குச் சிக்னல் வராது. இந்த ஊரில் தொலைக்காட்சி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது அது. முப்பத்தேழு வருடமாக மழையை எழுதிவருகிற நான் அதை யோசித்துத்தான் கைப்பேசியை வைத்திருந்தேன். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் மாடிப்படிக்கு ஓடினேன். மேலே போய் என்ன செய்வேன்? பாதியில் நின்று திரும்பி வந்தேன்.

அக்கா அசையவில்லை. "நாலு," என்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, விநாடிகளை எண்ணினாள். பிறகு கடிகாரத்தின் கண்ணாடிமேல் விரலை வைத்தாள்.

"இப்போ."

நீலத் திரை அப்படியே இருந்தது. நான் கைப்பேசியை அணைத்து, திரும்பப் போட்டேன். வட்டம் மறுபடியும் சுற்றியது. எட்டரை ஆயிற்று, மழைமானிக்குப் போகவில்லை. அக்கா கடிகாரத்தின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எட்டு முப்பத்தாறுக்கு, கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியிலிருந்து, அவள் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னால் கைதட்டும் சத்தம்.

"மேடம்," அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள், "திறந்தது மேடம். ஒரு பிசிறுகூட இல்ல. நீங்க உக்கார்ற நாற்காலிலதான் உக்காந்திருந்தேன்."

"பிரிஞ்ச நேரம் என்ன?" என்று அக்கா கேட்டாள்.

அவள் நிமிடம், விநாடி, விநாடியின் பின்னம் வரை சொன்னாள். அக்கா சொன்ன 'இப்போ'வுக்கும் அதற்கும் இரண்டு விநாடிகூட வித்தியாசம் இல்லை. "சந்தோஷம்மா. போய் மத்தவாளோட இரு," என்று வைத்தாள். என்னைப் பார்த்து, "எழுதிக்கோ," என்றாள். அந்த வாரத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

நாட்குறிப்பைத் திறந்தேன். "நீ சொன்ன நேரத்தையா, அவா சொன்னதையா?"

"அவா சொன்னதை எழுது. அவா பாத்திருக்கா."

எழுதினேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மழைமானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதில் நூற்றிருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும்; எவ்வளவு பெய்தது என்று சொல்ல வழியில்லை. நூற்றிருபதுக்கு மேல், எவ்வளவு மேலென்று தெரியவில்லை, நேரம் ஒன்பது ஐந்து என்று அதையும் எழுதினேன்.